பாதையை விட்டு இறங்காமல் ஒரு நீலப் பாப்பி

நான்கு நாள்களில் 1,146 படங்கள் எடுத்தேன். ஊர் திரும்பி வடிகட்டியபோது தேறியவை பதினொன்று. அவற்றில் ஒன்பது, மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில், மழை தூறிக்கொண்டிருந்தபோது எடுத்தவை. முதல் நாள் பளிச்சென்ற வெயிலில், இருப்பதிலேயே விலை உயர்ந்த லென்ஸை மாட்டிக்கொண்டு, ஐந்நூறுக்கு மேல் எடுத்தேன். அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அது ஏன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததன் பதிவு இது.

இடம், உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் புஷ்பாவதி ஆறு ஓடும் பூக்களின் பள்ளத்தாக்கு. 1931-இல் காமெட் சிகரத்தில் (7,756 மீட்டர்) ஏறிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தும் அவருடைய குழுவினரும் ப்யூந்தர் கணவாயைக் கடந்து, மழைமூட்டத்துக்கு நடுவே இதற்குள் இறங்கினார்கள். ஸ்மைத் 1937-இல் பூக்களுக்காகவே மறுபடி வந்தார். மறு ஆண்டு அவர் எழுதிய நூலால் இந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ப்யூந்தர் கிராமத்தார் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோடைதோறும் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நூல் எழுதவில்லை, அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் சிகரங்களில் ஒன்றின் பெயர் நீலகிரி பர்பத். 1937-இல் ஸ்மைத் அதிலும் ஏறினார். கோத்தகிரியில் வளர்ந்த எனக்கு, 6,474 மீட்டர் உயரத்தில் பனி மூடிக்கிடக்கும் ஒரு நீலகிரியைக் காட்டியபோது சிரிப்பு வந்தது.

1982-இல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். 2005-இல் நந்தா தேவி தேசியப் பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. திறந்திருப்பது ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டும். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப். அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் நடந்தாலோ கோவேறு கழுதையில் ஏறினாலோ, 3,050 மீட்டர் உயரத்தில் காங்கரியா. பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது. காங்கரியாவில் படுத்தெழுந்து, காலையில் வாசலில் சீட்டு வாங்கி, பூர்ஜ மரங்களுக்கு இடையே ஏறி, புல்வெளியை எட்டும்போது மணி ஒன்பதைத் தொட்டுவிடும். மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். படக்காரர்கள் உயிரை விடும் விடியல் வெளிச்சமும் அந்தி வெளிச்சமும் ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன.

இந்த நிபந்தனைகளோடு இன்னொன்றும் உண்டு. கல் பாவிய பாதையை விட்டு இறங்கக் கூடாது. இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் ஓடும்.

முதல் நாள்: வெயில்

போனது ஆகஸ்ட் இரண்டாம் வாரம். பையில் ஒரு அகலக்கோண லென்ஸ், மிக அருகில் வைத்து எடுக்கும் ஒரு 100 மி.மீ. மேக்ரோ, கடைசி நேரத்தில் அரைமனதாகத் திணித்த, தொலைவில் உள்ளதை எட்டும் பழைய 70-300 மி.மீ. டெலி லென்ஸ். முழுச் சட்டகக் காமரா அல்ல, அதைவிடச் சிறிய சென்சார் கொண்டது.

முதல் தவறு அகலக்கோண லென்ஸ். 2018-இல் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தபோது ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஊதாவாக எடுத்துப் பழகிய கை இது. அங்கே ஒரே செடி, ஒரே உயரம், ஒரே நிறம். காமராவை நீட்டினால் படம். இங்கோ ஒரு சதுர மீட்டருக்குள் பத்துப் பன்னிரண்டு வகைச் செடிகள், முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால், பச்சைக்கீரைக் கட்டுகளின் மேல் யாரோ வண்ணப்பொடி சிந்தினாற்போல் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு வந்து ‘படத்தில் பார்த்த மாதிரி இல்லையே’ என்று முகம் வாடுகிறவர்களை நிறையப் பார்த்தேன். அந்தப் படங்கள் பெரும்பாலும் எதிர்ச்சரிவைத் தொலைவிலிருந்து டெலி லென்ஸில் எடுத்தவை. சாய்வான கோணத்தில் பார்க்கும்போது முன்பூவும் பின்பூவும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. நடுவில் உள்ள பச்சை மறைந்து, கம்பளம் விரித்தாற்போல் தெரிகிறது. பூ பொய்யல்ல, அடர்த்திதான் பொய்.

அந்த இளஞ்சிவப்புக் கம்பளத்தில் பெரும்பகுதி காசித்தும்பை. நம் வீட்டுத் தொட்டியில் வளர்கிறதே, அதன் நெருங்கிய சொந்தம். இங்கே ஆள் உயரத்துக்கு வளர்கிறது. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிப்பதும் அப்படியே. ஊரில் பாட்டி வீட்டு முற்றத்தில் அதைத் தொட்டு விளையாடியது நினைவுக்கு வந்தது. ஆனால் நான் தேடி வந்தது காசித்தும்பையை அல்ல, நீலப் பாப்பியை.

நீலப் பாப்பி கசகசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து, கிட்டப் போனால் குத்துமே பிரம்மதண்டு, அதற்கும் தூரத்துச் சொந்தம். இதற்கும் தண்டெல்லாம் முள். மண் செழித்த புல்வெளியைவிடப் பாறை இடுக்குகளில்தான் அதிகம் காண முடிகிறது. பூ ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம். இதழ் நனைந்த பட்டுத்துணிபோல் மெலிந்தது. நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்களின் கொத்து. சில ஆண்டுகள் இலைகளோடு மட்டும் இருந்து, ஒரே ஒரு பருவம் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும் செடி. பூத்திருக்கும் ஒன்றை மிதித்தால் ஒரு பூவோடு போவதில்லை, அதன் வாழ்நாள் விதை முழுவதும் போகிறது. இது அன்று காலை எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அடுத்ததைச் செய்தேன்.

பாதையிலிருந்து மூன்றடித் தொலைவில், பாறைக்குப் பக்கத்தில், முதல் நீலப் பாப்பி தெரிந்தது. கையில் மேக்ரோ. பொருள் நிஜ அளவிலேயே சென்சாரில் பதிய வேண்டுமென்றால் (அதுதான் முழு உருப்பெருக்கம்) லென்ஸின் முகப்பு பூவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போக வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தேன். வழிகாட்டி முன்னால் போய்விட்டிருந்தார். இறங்கினேன். இரண்டே எட்டு. மண்டியிட்டேன். இருபது நிமிடம் எடுத்தேன்.

“பைஜி, மேலே வாருங்கள்” என்று வழிகாட்டியின் குரல் கேட்டபோதுதான் எழுந்தேன். அவர் திட்டவில்லை. என் முழங்கால் பதிந்திருந்த இடத்தைக் காட்டினார். ஜெரேனியம் பூக்கள் இரண்டு மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. “நாளைக்கு வந்து பாருங்கள்” என்றார்.

அந்த இருபது நிமிடப் படங்களையும் இரவு அறையில் பார்த்தேன். எல்லாமே பாழ். காரணங்களை எழுதினால்:

முதலாவது காற்று. வெயில் சரிவுகளைச் சூடாக்கச் சூடாக்கக் காற்று மலையடியிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. தெளிந்த வானம் உள்ள நாளில் காலை பத்து மணிக்கு மேல் அது நிற்பதே இல்லை. நீண்ட தண்டின் உச்சியில் உள்ள பூ நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வையுங்கள். நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் பூ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். முழு உருப்பெருக்கத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் சென்சார் மீதும் இழுபடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தை அடக்கும், பூவை அடக்காது. இந்தச் சின்ன விஷயத்தை மறந்துவிட்டு எத்தனை பேர் முக்காலி சுமக்கிறோம்!

இரண்டாவது, தெளிவின் ஆழம். முழு உருப்பெருக்கத்தில், எஃப் 8 துளையில், என் சென்சார் அளவுக்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 0.6 மில்லிமீட்டர். ஒரு மகரந்தப் பை தெளிவாக இருந்தால் அதன் பக்கத்துப் பை மங்கல். பல படங்களை வெவ்வேறு தூரங்களில் குவித்து எடுத்துப் பிறகு அடுக்கிச் சேர்க்கும் உத்தி இருக்கிறது. ஆடும் பூவிடம் அது செல்லாது.

மூன்றாவது, வெயிலே. உயரத்தில் காற்று மெலிந்தது, வெளிச்சம் கூர்மையானது. ஒளி ஊடுருவும் இதழில் ஒரு பாதி வெளுத்து எரிந்திருந்தது. மறு பாதியில் தண்டின் நிழல் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது.

இரண்டாம் நாள்: மழை

விடிந்ததிலிருந்து மழை. வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் பலர். நான் உள்ளே போனேன், காமராவை வெளியே எடுக்கவில்லை. எடுத்தாலும் பயனில்லை. முந்தின மாலை குளிரிலிருந்து நேராகக் கணப்பு வைத்த அறைக்குள் கொண்டுபோன லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்து நின்றது. (மறுநாளிலிருந்து பையை இரவில் வராந்தாவிலேயே வைத்தேன். பாட்டரிகளை மட்டும் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன்.)

நேற்றைய இடத்துக்குப் போனேன். ஜெரேனியம் இரண்டும் எழவில்லை. என் பூட்ஸ் தடம் இரண்டும் தண்ணீர் நிரம்பிக் குட்டையாக இருந்தன. யாரும் கேட்காமலே யார் தடம் என்று சொல்லிவிடலாம். பாதையில் போன ஒருவர் அந்தத் தடத்தைப் பார்த்து, அங்கே இறங்கலாம் போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, தாமும் ஒரு காலை வைத்துச் செல்பேசியை நீட்டினார். என் தடத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது குட்டை. சிதைவு இப்படித்தான் தொடங்குகிறது போலும். முதல் ஆள் பூவுக்காக இறங்குகிறான். இரண்டாம் ஆள் முதல் ஆளின் தடத்துக்காக இறங்குகிறான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை. 1939-இல் தாவரங்கள் சேகரிக்க பிரிட்டனிலிருந்து வந்தவர். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று சரிவில் கால் வழுக்கி விழுந்து இறந்தார். பின்னர் அவருடைய சகோதரி வந்து நினைவுக்கல் நாட்டினார். ஈரப் பாறையில் நின்றுகொண்டு அதைப் படித்தபோது, பூவைப் பார்த்துக்கொண்டே காலைப் பார்க்க மறப்பது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று தெரிந்தது.

அன்றைய நடையில் இன்னொன்றையும் கவனித்தேன். மூன்றாம் நாளைக் காப்பாற்றியது அதுதான். மழை இருந்தது, காற்று இல்லை. மேகம் மூடியிருந்ததால் சரிவு சூடாகவில்லை. சூடாகாததால் காற்று ஏறவில்லை. பதினொரு மணிக்கும் காசித்தும்பைத் தண்டுகள் தூண்கள்போல் நின்றன. முதல் நாள் நான் கும்பிட்டு வரவேற்ற வெயில்தான் எதிரி. வசைபாடிய மூட்டம்தான் துணை.

வழிகாட்டியின் தந்தை இங்கே ஆடு மேய்த்தவர். 1983-இல் மேய்ச்சல் நின்றது. திரும்பும் வழியில், வெண்பூக் கொத்துகளோடு புதர்புதராக மண்டிக்கிடந்த ஒரு செடியைக் காட்டி, ‘அமேலா’ என்றார். மேய்ச்சலை நிறுத்திய பிறகு இது பெருகி, குட்டையான செடிகளை மூடி அமுக்குகிறது என்பது ஊரார் சொல்லும் குற்றச்சாட்டு. ஆடுகள் தின்று குறைத்ததை இப்போது ஆள் வைத்துப் பிடுங்குகிறார்கள். இதற்கு மேய்ச்சல் தடை எவ்வளவு காரணம், மண்சரிவும் பிறவும் எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. “ஆட்டைப் போகச் சொன்னார்கள். இதை யார் போகச் சொல்வது?” என்று அவர் கேட்டார். மழையில் அதற்குமேல் பேச முடியவில்லை.

மூன்றாம் நாள்: கணக்கு

இரவே முடிவு செய்துவிட்டேன். மேக்ரோவும் முக்காலியும் அறையிலேயே இருக்கட்டும். பாதையை விட்டு இறங்குவதில்லை. ஆகவே தூரத்திலிருந்து எட்டும் லென்ஸ்தான் வேண்டும்.

இந்தக் கணக்கை ஊரிலேயே போட்டிருக்கலாம். என் பழைய டெலி லென்ஸ் 300 மி.மீ.-இல் சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்துப் பொருளை, அதன் நிஜ அளவில் கால் பங்காகச் சென்சாரில் பதிக்கும். சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. ஆகவே சட்டகத்துக்குள் வரும் அகலம் அதைப்போல் நான்கு மடங்கு, 94 மி.மீ. உயரம் 62 மி.மீ. ஆறு சென்டிமீட்டர் பூ அதில் மேலும் கீழும் தொட்டு நிற்கும். நீலப் பாப்பிக்கு மேக்ரோ தேவையே இல்லை! எறும்பை எடுக்கும் கருவியைக் கொண்டு தாம்பாளத்தை எடுக்க முயன்றிருக்கிறேன்.

பயன்கள் அதோடு நிற்கவில்லை. உருப்பெருக்கம் கால் பங்கானதும் அதே எஃப் 8-இல் தெளிவின் ஆழம் 0.6 மி.மீ.-இலிருந்து ஆறு மி.மீ.க்கு மேல் போகிறது. மகரந்தக் கொத்தின் முன்பக்கம் முழுவதும் உள்ளே அடங்கும். பூவின் ஆட்டமும் சென்சாரில் கால் பங்காகச் சுருங்குகிறது. தொலைவிலிருந்து குறுகிய கோணத்தில் பார்ப்பதால் பின்னணியின் சின்னத் துண்டு ஒன்று மட்டுமே சட்டகத்துக்குள் வருகிறது. அரையடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும், பின்னணியே மாறிவிடும். அதற்குப் பாதையின் அகலம் தாராளம்.

பாதை ஒரு பாறையை ஒட்டி வளையும் இடத்தில், மார்பளவு உயரத்தில், ஒரு செடி. நான்கு பூ மலர்ந்திருந்தன, ஐந்தாவது மொக்கு. ஒன்றரை மீட்டர் இருக்கும். தூறல். பாறையின் விளிம்பில், காங்கரியா மளிகைக் கடையில் வாங்கிய இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி வைத்து, அதன்மேல் லென்ஸை அமர்த்தினேன். குடையை வழிகாட்டி பிடித்தார். முதலில் காமராவுக்கு, பிறகு நான் கேட்டபின் பூவுக்கும் காமராவுக்கும் நடுவே சற்று மேலே. நொடியில் 500-இல் ஒரு பங்கு, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 1600.

காற்று அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆடும் பூவை ஊஞ்சலாகப் பார்க்கப் பழகினேன். ஊஞ்சல் நடுவில் வரும்போது வேகம் அதிகம். ஓரத்துக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அது நிற்கிறது. முதல் நாள் பூ சட்டகத்தின் நடுவே வரும்போதெல்லாம் அமுக்கினேன், அதாவது மிக வேகமாக ஓடும் கணத்தில். இப்போது ஆட்டத்தின் ஓரத்துக்குக் குவியத்தை நிறுத்திவைத்து, பூ அங்கே வந்து தயங்கும்போது மூன்று மூன்றாக எடுத்தேன். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டேன்; மழைத்துளி விழுந்தால் அது துளியைத் துரத்திக்கொண்டு போகிறது.

அடுத்தது நிறம். இதில்தான் அதிக நேரம் போயிற்று. காமராவைத் தானாக முடிவெடுக்க விட்டபோது, கண்ணுக்கு வெளிர்நீலமாகத் தெரிந்த பூ திரையில் கத்தரிப்பூ நிறமாக வந்தது. மூடிய வானத்தின் ஒளியே நீலம் தோய்ந்தது; அதைச் சரிக்கட்டக் காமரா செம்மஞ்சளைக் கூட்டுகிறது, பூவின் நீலத்திலும் சேர்த்து. சாம்பல் அட்டை ஒன்றைப் பூவின் பக்கத்தில் அதே ஒளியில் பிடித்து ஒரு படம் எடுத்து, வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து நிர்ணயித்தேன். பாதி தொல்லை தீர்ந்தது. மீதி தீராது, ஏனென்றால் இந்தப் பூவே செடிக்குச் செடி வேறு நீலம். ஒன்று ஆகாயம், ஒன்று மயில்கழுத்து, ஒன்று கிட்டத்தட்ட ஊதா. அதனால் அங்கேயே, பூவையும் திரையையும் மாறிமாறிப் பார்த்து, ‘திரை சற்றுச் சிவப்பு’ என்பதுபோல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டில் கணினி முன் உட்கார்ந்தபோது என் நினைவு சொன்ன நீலத்துக்கும் குறிப்பு சொன்ன நீலத்துக்கும் வித்தியாசம் இருந்தது. குறிப்பைத்தான் நம்பினேன்.

சிவப்பிலும் ஒரு பாடம். இரத்தச் சிவப்பில் பூக்கும் பொட்டென்டில்லாவின் பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருந்தது. சிவப்புத் தடத்தை மட்டும் பார்த்தால் வலது ஓரத்தில் முட்டி நசுங்கியிருந்தது. இதழின் நரம்பெல்லாம் ஒரே சிவப்புக் குழம்பு. ஒளியை ஒரு படி குறைத்ததும் நரம்புகள் திரும்பி வந்தன. காசித்தும்பைக்கும் இதே மருந்துதான்.

பதினொன்றரைக்கு மேகம் பிளந்தது. வெயில் விழுந்த பத்து நிமிடத்தில் செடிகள் ஆடத் தொடங்கின. லென்ஸ் மூடியைப் போட்டேன். வயிறு பசித்தது, ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டோம்.

நான்காம் நாள்

ஹேம்குண்ட் பாதை. நான்காயிரம் மீட்டருக்கு மேலே, குருத்வாராவும் ஏரியும் இருக்கும் இடம். காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். பிரம்மகமலம் அங்கேதான். வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த, காகிதம்போன்ற அந்த ‘இதழ்கள்’ உண்மையில் இதழ்களே அல்ல, பூவடிச் செதில்கள்; நிஜப் பூக்கள் உள்ளே கருஞ்சிவப்பு உருண்டைகளாகப் பதுங்கியிருக்கின்றன. குளிருக்குக் கண்ணாடி வீடு கட்டிக்கொண்ட செடி. வெளியே தெரிவதை எடுத்தால் முட்டைக்கோஸ், உள்ளே எட்டிப்பார்த்தால்தான் பூ. பாதையிலிருந்து உள்ளே எட்டும் கோணம் இரண்டே இரண்டு செடிகளில் கிடைத்தது. மூச்சு வாங்கியதில் கை ஆடியது. இரண்டு படங்கள் தேறின. அங்கே சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மாலையில் காங்கரியா கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே மூன்றாம் நாள் படங்களை வழிகாட்டிக்குக் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது. நீலப் பாப்பி சட்டகத்தின் இடது பக்கம். வலப் பக்கத்தின் பின்னால், மங்கிக் கரைந்து, பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மை. அந்த வெண்மைக்காகவே அரையடி நகர்ந்து நின்று எடுத்த படம் அது. அதைச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பாப்பியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அந்த வெண்மையின்மேல் விரலை வைத்தார்.

“அமேலா. போன வருடம்தான் அந்த இடத்தில் பிடுங்கினோம்.”

இன்னொரு தேநீர் சொன்னார்.